பின்சீட்டில் பொன்னுரங்கம்

பொன்னுரங்கம் தம் ஆயுசில் ஏறிய உயரமான இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பரங்கிமலை. அதுவும் ஒரு சவாரியை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, மேலே காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்போல இருக்கிறதென்று உடனே இறங்கிவந்துவிட்டார். இன்னொன்று ஜெமினி மேம்பாலம். இப்படிப்பட்ட மலையேறிதான் ஒருநாள் சாயங்காலம் மயிலாப்பூர்ச் சந்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, பெற்ற மகளைப் பார்த்து, "தட்டயான ரோட்ல எவ வேணா ஓட்டுவா. மலைல ஓட்டிக் காட்டு, அப்பால பேசு" என்று சொன்னார். வாய்தானே, அதற்கு என்ன பிரேக்கா இருக்கிறது?

சண்டை ஆட்டோவைப் பற்றியது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொன்னுரங்கம் டாக்டரை நம்பவில்லை. நம்பாமல் வண்டியை எடுத்து, குளத்தோரம் நின்றிருந்த இளநீர் வண்டிமேல் கொண்டுபோய்ச் சாத்தினார். இளநீர்க்காரன் சொன்னதை நம்பவேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து ஆட்டோ தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சந்தில் நிற்கிறது. விற்கவும் மாட்டார், ஷிப்டுக்கு விடவும் மாட்டார். அடுத்தவன் ஓட்டினால் கிளட்சைத் தேய்ப்பான், ஸ்டெப்னியை மாற்றுவான், வண்டியிலேயே படுத்துத் தூங்கி சீட்டைப் பள்ளமாக்குவான். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார். அவர் குளிக்கும்போது சாவியும் குளித்தது.

மகள் அன்புக்கரசி தரமணியில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டுகிறாள். ராத்திரி ஷிப்டு முடிகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிற வேலை. அவள் புருஷன் அறிவு, ராயப்பேட்டை ஓட்டலில் டிபன் மாஸ்டர். இருட்டோடு போனால் சாயங்காலம் வருவான். இவள் சாயங்காலம் போனால் விடியும்போது வருவாள். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே பாய்தான். அவன் எழுந்த சூட்டில் இவள் படுப்பாள், இவள் எழுந்த சூட்டில் அவன் படுப்பான். கல்யாணமாகி வருஷக்கணக்காக இந்த லட்சணம்தான்.

"நைனா, நம்ம வண்டிய குடு" என்றாள் அன்புக்கரசி. "பகல்ல ஸ்கூலு சவாரி, மார்க்கெட்டு சவாரி ஓட்டிக்கினு ராவுல மனுசி மாதிரி வூட்ல படுப்பேன். என்னாண்ட பேட்ஜ் கீது, லைசென்ஸ் கீது. ஒனுக்கு இன்னா நஷ்டம்?"

அதற்குத்தான் அந்த மலைப் பேச்சு.

அவள் அழவில்லை. "சரி, மலைலயே ஓட்றேன்" என்றாள். "ஒரு பகலு பூரா பக்கத்துல குந்திகினு வா. ஒரே ஒரு தப்பு கண்டுபுடி. கண்டுபுடிச்சிட்டா ஜென்மத்துக்கும் சாவி கேக்க மாட்டேன். இல்லன்னா அவுத்துக் குடுத்துரணும். அம்மா சாட்சி."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுப்பம்மா தலையைத் தூக்காமல், "சாட்சி கீட்சி எனுக்குத் தெரியாது. நானும் வர்றேன். கட்டிகினு வந்த நாள்லேந்து இந்த ஆளு என்னை எலியட்ஸ் பீச்ச தாண்டி எங்கயும் இட்டுகினு போனதில்ல" என்றாள்.

டிராவல்ஸ் முதலாளி ஒரு பழைய காரைக் கொடுத்தார். லீவு கிடைக்காத அறிவு, டப்பா நிறையப் புளிசாதம் கட்டிக்கொடுத்தான். மாமனாரின் இடுப்பை ஒருதரம் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

பந்தயக் கணக்கு மறுநாள் பகலுக்குத்தான் என்று பேசிக்கொண்டு, ஊட்டியில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் புறப்பட்டார்கள். பைக்காரா வழியாகக் கூடலூருக்கு இறங்கி, முதுமலைக் காட்டுக்குள் புகுந்து, மசினகுடி போய், கல்லட்டி மலை வழியாகச் சாயங்காலம் திரும்ப ஊட்டிக்கு ஏறுவது என்று அன்புக்கரசி வழி சொன்னாள். பொன்னுரங்கம் அதை லாட்ஜ்க்காரனிடம் ஒருதரம், டீக்கடைக்காரனிடம் ஒருதரம் கேட்டார். இரண்டு பேரும் அதையே சொன்னதால் மூன்று பேரும் கூட்டு என்று முடிவுகட்டி, குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தைலமரம். மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்தது. அப்புறம் புல்மேடு, அதற்குக் கீழே தண்ணீர், தண்ணீருக்குமேல் பஞ்சுபோல மேகம். சுப்பம்மா பின்சீட்டில் "ஐயோ, இங்க பாரேன்! யோவ், அங்க பாருய்யா!" என்று ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் அன்புக்கரசியின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் கிளட்சில் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, வேலை இல்லாதபோது அதன்மேல் படுத்துக்கொள்கிறதா. அந்தக் கால் ஒழுங்காகவே இருந்தது. அது அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. நீலகிரி மலையையே விட்டுவிட்டு, மகளின் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டு வந்த மனுஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போதாததற்கு அவர் காலும் சும்மா இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் காருடைய தரையை ஓங்கி மிதித்தது.

"நைனா, அங்க பிரேக்கு இல்ல."

"தெரியும். காலு மரத்துப்போச்சி, அதான்."

இறக்கம் வந்தது. ஓரத்தில் மஞ்சள் போர்டுகள் நின்றன. பொன்னுரங்கத்துக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "இ... ர... ண்... டா..." என்று அவர் சேர்ப்பதற்குள் போர்டு பின்னால் போய்விட்டது. அடுத்ததும் "இ... ர... ண்..." அதுவும் போயிற்று. 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று முழுசாகப் படித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். சுவரில் எழுதியிருப்பதையெல்லாம் மனிதர்கள் கேட்டு நடந்தால் மயிலாப்பூர்ச் சந்துகள் ஏன் அப்படி நாறுகின்றன?

அன்புக்கரசி இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் முனக முனக மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த முனகல் பொன்னுரங்கத்தின் காதில் பெட்ரோல் தீர்கிற சத்தமாக விழுந்தது. இறக்கத்தில் யாராவது இன்ஜினை வேலை வாங்குவார்களா? ஜெமினி மேம்பாலத்தின் உச்சி வந்ததும் கியரைத் தள்ளி நியூட்ரலில் விட்டால், கதீட்ரல் ரோட்டில் பாதி தூரம் வண்டி தானே உருண்டு போகும். ஆட்டோக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான். இதுதான் அந்தத் தப்பு, அகப்பட்டுக்கொண்டாள் என்று அவருக்கு ஒரே குஷி.

"எறக்கத்துல இன்னாத்துக்குக் கியருல வர்றே? நியூட்ரல்ல வுடு. பெட்ரோலு ஒன் மாமனாரு வூட்லேந்தா வருது?"

"மலைல அப்டி வுடக் கூடாது நைனா. பிரேக்கு காஞ்சி புடிக்காம பூடும்."

"எனுக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

காரில் கியர் நடுவில் இருக்கிறது. முன்சீட்டில் குந்தியிருக்கிறவனின் கைக்கு எட்டும்படியாக அதை வைத்த புண்ணியவானைத்தான் சொல்லவேண்டும். வளைவுக்காக அவள் கிளட்சை மிதித்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கம் கையை நீட்டினார். ஒரே தள்ளு. நியூட்ரல்.

முனகல் நின்றது. ஒரு மூச்சு நேரத்துக்கு ரொம்ப சொகுசாக இருந்தது. அப்புறம் கார் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல ஓடியது. எதிரே வளைவிலிருந்து அரசாங்க பஸ் ஒன்று, முழு ரோடும் தன்னுடையதென்று ஏறிவந்தது. இந்தப் பக்கம் தேயிலைச் சரிவு. அதற்கப்பால் வெறும் வானம்.

"அம்மா தாயே!" என்று சுப்பம்மா அலறினாள். பொன்னுரங்கம் இல்லாத பிரேக்கைத் தரை கிழிகிறாற்போல் மிதித்தார். அன்புக்கரசி அவர் கையை முழங்கையால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினாள். கியரை மூன்றில் போட்டாள், இரண்டில் போட்டாள். கார் உறுமிக்கொண்டு குலுங்கி, ஓரம் ஒதுங்கியது. பஸ் உரசுகிறாற்போல் போனது. அவள் இன்னும் கொஞ்சம் இறக்கி, அகலமான இடம் பார்த்து நிறுத்தினாள்.

 எங்கோ ஒரு குருவி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"எறங்கு நைனா."

பொன்னுரங்கம் இறங்கினார். விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தார். தாம் என்றால் அப்படித்தான் செய்திருப்பார். குல்லாவுக்குள் வியர்த்தது.

அவள் பின்கதவைத் திறந்துவிட்டாள். "இங்க குந்து. அம்மா, நீ முன்னாடி வா."

சுப்பம்மா இறங்கி வந்து புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா முழிக்கிறே? ஏறு சவாரி. மீட்டருக்கு மேல துட்டு குடுக்காம எறங்கின, கயுத்துல துண்டு போட்டுருவேன்."

முப்பது வருஷத்துக்கு மேலாக மற்றவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டியவர் பொன்னுரங்கம். பின்னால் ஏறி உட்கார்ந்ததே இல்லை. அங்கே மிதிக்க ஒன்றுமில்லை, பிடிக்க ஒன்றுமில்லை. முன்னால் பார்த்தால் ஓட்டுகிறவளின் பின்கழுத்துதான் தெரிந்தது. தம்முடைய பின்கழுத்தையும் இப்படித்தானே அத்தனை ஜனமும் பார்த்திருக்கும் என்று தோன்றியது. அங்கே எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அவர்களுக்கு எப்படியிருந்திருக்குமோ?

அடுத்த இறக்கத்தில் தம்மையறியாமல், "மெதுவா போம்மா" என்றார்.

சொன்னதும் சுருக்கென்றது. அது மாடவீதிப் பங்கஜம் மாமியின் பேச்சு. லஸ்ஸுக்கு ஏறினாலும் அடையாருக்கு ஏறினாலும் "மெதுவா போப்பா" என்பாள். பொன்னுரங்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "கண்ண மூடிக்கோ மாமி" என்பார்.

"கண்ண மூடிக்க நைனா" என்றாள் அன்புக்கரசி. அவர் வாயிலிருந்து கற்றதுதான்.

காட்டு எல்லையில் செக்போஸ்ட். காவலர் குனிந்து பார்த்து, "உள்ள எங்கயும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது" என்றார்.

"மிருகம் நெசமாவே கீதா, இல்ல போர்டு மட்டும்தானா?" என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது.

காவலர் குல்லாவைப் பார்த்தார். "உங்க அதிர்ஷ்டம் பெரியவரே" என்று கம்பைத் தூக்கிவிட்டார்.

காடு என்றால் காடு. மூங்கில் இரண்டு பக்கமிருந்தும் வளைந்து பந்தல் போட்டிருந்தது. முதலில் புள்ளிமான் வந்தது, கூட்டமாக. சுப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்? கிண்டில கம்பிக்கு அந்தாண்ட தெனிக்கும் மேயுது. அடையார்ல ரோட்டுக்கு வந்து வாயப்பய தோலு துன்னுட்டுப் போவுது" என்றார் பொன்னுரங்கம். ஒரு கருங்குரங்கு கிளையில் உட்கார்ந்து, குல்லா போட்ட அவரைச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

ஆனாலும் கண் வெளியே போய்விட்டது. அதுதான் பின்சீட்டின் கோளாறு. முன்னால் பார்க்க ஒன்றுமில்லாதவன் பக்கத்தில் பார்க்கிறான். ஓடையில் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போனது. தூரத்தில் நீலமாக மலை, தாங்கள் காலையில் நின்ற மலை, இத்தனை பெரிசாகவா இருந்தது? காலையில் அதன் உச்சியில் இருந்தபோது அவர் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மசினகுடி பக்கம் திரும்பிக் கொஞ்சதூரம் போனதும், ரோட்டோரத்தில் ஒரு பெரிய கறுப்பு மாடு. நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல். பொன்னுரங்கத்துக்குப் பழக்க தோஷம். மந்தைவெளியில் ரோட்டின் நடுவே படுக்கிற மாடுகளோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போனவர். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே விட்டு, கையைத் தட்டி, "த்தோ! ஹேய்! எவன்டா மாட்ட ரோட்ல அவுத்து வுட்டவன்?" என்று ஒரு சத்தம் போட்டார்.

மாடு திரும்பியது. திரும்பத் திரும்ப அது பெரிசாகிக்கொண்டே போனது. தோள் காருடைய கூரைக்குமேல் இருந்தது. நடுரோட்டில் வந்து நின்று மூச்சு விட்டது.

"நைனா," அன்புக்கரசி உதடு அசையாமல் சொன்னாள், "அது காட்டெரும. வாய மூடு. கண்ணாடிய ஏத்து."

அவர் ஏற்றினார். ஆனால் வலது கை மடியில் நிற்கவில்லை. இல்லாத ரப்பர் ஹாரனைக் காற்றில் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்புக்கரசி வண்டியைப் பின்னால் எடுத்தாள், ஊர்கிற மாதிரி. நிறுத்தினாள். ஹாரன் இல்லை, லைட் இல்லை, பேச்சில்லை. ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஓட்டல் வாசலில் புருஷனுக்காகக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். காட்டெருமை அவர்களை அலுக்கும்வரை பார்த்தது. அப்புறம் இவர்களால் பிரயோஜனமில்லை என்று முடிவுசெய்து புதருக்குள் இறங்கிப் போனது.

சுப்பம்மா அப்போதுதான் மூச்சை விட்டாள். "எவன் மாடுன்னு கேட்டியே, அத்தயே கேட்டுருக்கலாமே."

கல்லட்டி ஏற்றம் வந்தது. வளைவு முடிந்தால் வளைவு, அது முடிந்தால் அதன் அண்ணன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காடு மொத்தமும் கீழே விரித்துப் போட்டதுபோல். அன்புக்கரசி ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவனுக்கு இடம் விட்டு, இன்ஜின் திக்காமல் ஏற்றிக்கொண்டு போனாள். பொன்னுரங்கம் சீட்டில் நெளிந்தார். பயம் இல்லை. பகல் முடியப்போகிறது, ஒரு தப்பும் கிடைக்கவில்லை. கிடைத்த இரண்டு தப்பும் அவருடையவை. இடுப்புச் சாவி தொப்புளுக்குக் கீழே குத்திக்கொண்டே வந்தது.

மேலே ஏறி, ஊட்டியின் வீடுகள் தெரிந்தன. ஒரு திருப்பத்தில் திரும்பியபிறகும் இண்டிகேட்டர் நிற்கவில்லை. டிக் டிக் என்று மினுக்கிக்கொண்டே வந்தது. அவள் கவனிக்கவில்லை. சுப்பம்மா கவனித்தாள். தலையைத் திருப்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற பார்வை.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார்.

"இண்டிகேட்டரு! ஆஃப் பண்ணல! தப்பு!"

அன்புக்கரசி பார்த்தாள். அதை அணைத்தாள். ஓரமாக நிறுத்தினாள்.

"ஆமா நைனா," என்றாள், "தப்புதான்."

அவ்வளவுதான். நியூட்ரலைச் சொல்லவில்லை, எருமையைச் சொல்லவில்லை. அவர் சண்டைக்குத் தயாராகக் குல்லாவைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். சண்டைக்கு ஆள் வரவில்லை.

மயிலாப்பூர் திரும்பினார்கள். அன்புக்கரசி வாக்குத் தவறவில்லை. சாவி என்கிற சொல்லையே விட்டுவிட்டாள். சாயங்காலம் அறிவு வர, இவள் போவாள். சந்துமுனையில் இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நின்று பேசுவார்கள். அவன் அவளிடம் ஒரு பொட்டலம் கொடுப்பான், வடையோ என்னவோ. தார்ப்பாய் ஓரம் நின்று பொன்னுரங்கம் அதைப் பார்ப்பார். முன்பும் தினம் பார்த்ததுதான். இப்போது பக்கத்தில் இருப்பதெல்லாம் கண்ணில் படுகிற வியாதி வந்துவிட்டது.

ஜெயித்துவிட்டோமே என்று ஸ்டாண்டில் சண்முகவேலிடம் போய்ச் சொன்னார். இருவரும் ஒரே ஸ்டாண்டில் ஒன்றாகக் கிழவரானவர்கள்.

"காட்டெருமய ஓட்னவளாண்ட இண்டிகேட்டர காட்டி ஜெயிச்சியா?" சண்முகவேல் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "வெளில சொல்லாதப்பா. ஸ்டாண்டு மானம் பூடும்."

கேட்டால் கொடுத்துவிடலாம் என்று பொன்னுரங்கம் காத்திருந்தார். தார்ப்பாயை எடுத்தார். அவள் வருகிற நேரமாகப் பார்த்து வண்டியைத் துடைத்தார். "வண்டி சும்மா நின்னா பேட்டரி எறங்கிப்பூடும்" என்று சுவரிடம் சொன்னார். அன்புக்கரசி "ஆமா நைனா" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கேட்காதவளுக்கு எப்படிக் கொடுப்பது? கேட்டால் இல்லை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கேட்காமல் கொடுக்கிற வித்தையை எவனும் சொல்லித்தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வார லீவு. அறிவுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் வேலை கூட. பொன்னுரங்கம் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, போய் ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "ஆட்டோ வருமா?"

அன்புக்கரசி வாசலுக்கு வந்தாள். கதவில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க போணும்?"

"ராயப்பேட்ட. ஒன் புருஷன் ஓட்டலு. டிபன் துன்னணும்."

"சாவி இல்லியே."

பொன்னுரங்கம் சட்டையைத் தூக்கினார். முடிச்சை இழுத்தார். வரவில்லை. உலகத்தில் ஒருவனையும் நம்பாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட முடிச்சு. தண்ணீர் பட்டு இறுகி, போட்டவருக்கே அவிழவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"அருவாமனய எடுத்தாரட்டா?" என்று கேட்டபடி சுப்பம்மா எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். பொன்னுரங்கம் வயிற்றை முடிந்தமட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, முதன்முதலாக இன்னொருவர் கையை நம்பி, கண்ணை மூடிக்கொண்டார். கயிறு அறுந்தது. பெண்டாட்டி பிள்ளை முன்னால், தெரு முன்னால், ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாவியை நீட்டினார்.

"கிளட்ச்ல கால வச்சிகினே ஓட்டாத."

"இதுல கிளட்சு கைல கீது நைனா."

"தெரியும். சொன்னேன்."

வண்டி இருமி, புகை விட்டுக் கிளம்பியது. சந்திலிருந்து ரோட்டுக்குத் திரும்பியது. திரும்பியபிறகும் இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் பார்த்தார். உதட்டைக் கடித்தார். வெளியே பார்த்தார். பூக்கடை, பாத்திரக்கடை, கோயில் கோபுரத்தின்மேல் ஒரு கழுகு. லஸ் முனை வரை பொறுத்தார். அதற்குமேல் மனுஷனால் ஆகாது.

"இண்டிகேட்டரு!"

"கண்ண மூடிக்க நைனா" என்றாள் அன்புக்கரசி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.